மஞ்சள் முக்கோணம், சிவப்புச் சதுரம், நீல வட்டம்: காண்டின்ஸ்கியின் கணக்கு எவ்வளவு தூரம் நிற்கும்?

நீங்கள் கேட்டிருப்பது இது: “வடிவமைப்பு வகுப்பில் மஞ்சளுக்கு முக்கோணம், சிவப்புக்குச் சதுரம், நீலத்துக்கு வட்டம், இது காண்டின்ஸ்கியின் விதி என்று மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். இதற்கு அறிவியல் ஆதாரம் உண்டா? இல்லையென்றால் அந்தக் காலத்து அரூப ஓவியங்களை ஏன் இவ்வளவு தூக்கி வைத்துப் பேசுகிறார்கள்?” இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. நிறத்துக்கும் வடிவத்துக்கும் இடையே எல்லா மனிதருக்கும் பொதுவான பொருத்தம் ஏதும் உண்டா என்பது ஒன்று. ஓர் ஓவியர் நம்பிய கொள்கை தேறாது என்று தெரிந்த பிறகு அவர் தீட்டிய படத்துக்கு என்ன மதிப்பு என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம்: அந்த மூன்று ஜோடிகளும் விதியாக நிற்கவில்லை. இரண்டாவதற்கு அப்படிச் சுருக்கமான பதில் கிடையாது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் ஓவியம் பயின்றவன். முதலாண்டு மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் வண்ணப் பாடம் நடத்தியவன். உளவியல் என் துறை இல்லை, அந்தப் பக்கத்து ஆய்வுகளை ஓர் ஓவிய ஆசிரியன் படிக்கும் அளவுக்குத்தான் படித்திருக்கிறேன். ஜெர்மன் மொழியும் எனக்குத் தெரியாது; காண்டின்ஸ்கியை ஆங்கில வழியாகவே அறிவேன்.

முதலில் அவர் உண்மையில் என்ன சொன்னார் என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் வகுப்பறைகளில் பரவியிருப்பது அவருடைய பேச்சின் பாதிதான். வாசிலி காண்டின்ஸ்கி 1866-இல் மாஸ்கோவில் பிறந்தார். சட்டமும் பொருளாதாரமும் படித்துவிட்டு, முப்பது வயதில் அதையெல்லாம் விட்டு ஓவியம் கற்க மியூனிக் போனார். கலையில் ஆன்மிகம் பற்றிய அவருடைய நூல் 1911-இன் கடைசியில் வெளிவந்தது. அதில் கூர்மையான நிறங்கள் கூர்மையான வடிவங்களில் உரக்க ஒலிக்கும் என்கிறார். மஞ்சள் முக்கோணத்தில் கூடுதல் வலிமை பெறும், ஆழமான நிறங்கள் உருண்டை வடிவங்களில் இன்னும் ஆழமாகும், நீலத்துக்கு வட்டம் பொருந்தும் என்கிறார். சிவப்புச் சதுரம் அங்கே இன்னும் விதியாக வரவில்லை. அடுத்தபடியாக அவர் எழுதுவதைத்தான் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை: பொருந்தாத நிறமும் பொருந்தாத வடிவமும் சேர்ந்தால் அது பிழையாகிவிடாது, புதிய இசைவுகளுக்கு வழிதிறக்கும் என்கிறார். மஞ்சள் வட்டம், நீலச் சதுரம், பச்சை முக்கோணம் ஒவ்வொன்றும் தனித்தனி இயல்புள்ள உயிர்கள் என்பதுதான் அவருடைய அன்றைய நிலை. தொடக்கத்தில் அவர் கதவைத் திறந்தே வைத்திருந்தார் என்பதை நினைவில் வையுங்கள்.

அந்தக் கதவு பவுஹவுஸ் என்ற ஜெர்மன் கலை, வடிவமைப்புப் பள்ளியில்தான் சாத்தப்பட்டது. 1919-இல் வைமாரில் தொடங்கிய அந்தப் பள்ளிக்குக் காண்டின்ஸ்கி 1922-இல் ஆசிரியராக வந்தார். அங்கே ஏற்கெனவே யோஹன்னஸ் இட்டன் அடிப்படை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். அவரும் இதே ஜோடிகளைப் பாடமாகச் சொன்னவர். 1923-இல் காண்டின்ஸ்கி ஒரு கேள்வித்தாளைச் சுற்றுக்கு விட்டார். முக்கோணம், சதுரம், வட்டம் மூன்றும் வெறும் கோடுகளாக அச்சிட்டிருக்கும். மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றையும் ஒவ்வொன்றுக்கு ஒன்றாக நிரப்ப வேண்டும், முடிந்தால் காரணமும் எழுத வேண்டும். அதோடு தொழில், பால், நாடு ஆகிய விவரங்களும் கேட்கப்பட்டன. பெரும்பாலோர் அவர் எதிர்பார்த்த விடையையே தந்தார்கள் என்று இன்றுவரை பாடநூல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அப்படியே இருந்தாலும் அதற்கு எவ்வளவு எடை தருவது? பதில் எழுதியவர்கள் அவரிடமும் இட்டனிடமும் பாடம் கேட்டவர்கள். ஆசிரியர் சொல்லிக்கொடுத்ததை மாணவர் திருப்பிச் சொன்னால் அது உலகப் பொது உண்மைக்குச் சான்றாகாது.

அந்தப் பள்ளிக்குள்ளேயே எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேடை நாடகமும் சிற்பமும் நடத்திய ஓஸ்கர் ஷ்லெம்மர் அங்கே காண்டின்ஸ்கியின் சக ஆசிரியர். மஞ்சள் முக்கோணத்தில் கருத்து வேறுபாடு இல்லை, மற்ற இரண்டில்தான் சிக்கல், தனக்கு வட்டம் சிவப்பாகவும் சதுரம் நீலமாகவும்தான் இயல்பாக வருகிறது என்று நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். வட்டமென்றால் அவர் கண்ணுக்கு அந்திச் சூரியன். இதை மறந்துவிடாதீர்கள், சற்று நேரத்தில் மறுபடியும் தேவைப்படும்.

காண்டின்ஸ்கி இந்தக் கணக்குக்கு என்ன காரணம் காட்டினார்? 1926-இல் வெளியான புள்ளி, கோடு, தளம் பற்றிய நூலில் கோணங்களிலிருந்து தொடங்குகிறார். குறுங்கோணம் குத்தும் தன்மையுடையது, அது மஞ்சள். செங்கோணம் கட்டுப்பாடானது, அது சிவப்பு. விரிகோணம் தளர்ந்தது, செயலற்றது, அது நீலம். சம பக்க முக்கோணத்தின் மூன்று கோணங்களும் குறுங்கோணம்; சதுரத்தின் நான்கும் செங்கோணம்; விரிகோணம் மேலும் மேலும் விரிந்தால் வளைவாகி வட்டத்தை நோக்கிப் போகும். எனவே மஞ்சள் முக்கோணம், சிவப்புச் சதுரம், நீல வட்டம். தர்க்கம் அழகாக இருக்கிறது. ஆனால் முதல் படியே, அதாவது குறுங்கோணம் மஞ்சள் என்பதே, நிரூபிக்கப்படாத ஒன்று. அதை ஒப்புக்கொண்டால்தான் மற்றதெல்லாம் வரும். இட்டன் இன்னும் ஒரு படி மேலே போய் ஆரஞ்சுக்குச் சரிவகம், ஊதாவுக்கு நீள்வட்டம், பச்சைக்கு வளைந்த பக்கங்களுள்ள முக்கோணம் என்று பட்டியலை நிரப்பினார். நிறங்களைக் கலந்தால் வடிவங்களையும் கலக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. கண் பார்த்துச் சொன்னது எங்கே முடிகிறது, அட்டவணையை நிரப்பும் ஆசை எங்கே தொடங்குகிறது என்பது எனக்கு இந்த இடத்தில் தெளிவாகத் தெரிகிறது.

பின்னாளில் இதை முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். ஓவியப் பயிற்சி இல்லாத பல்கலைக்கழக மாணவர்களிடம் அதே கேள்வியைக் கேட்டு 2002-இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில் முன்னணியில் வந்தது வேறொரு சேர்க்கை: சிவப்பு முக்கோணம், நீலச் சதுரம், மஞ்சள் வட்டம். காரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. சூரியன் மஞ்சள் வட்டம். ஐரோப்பியச் சாலைகளில் எச்சரிக்கைப் பலகை சிவப்பு விளிம்புள்ள முக்கோணம். 2013-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு கருத்தைக் கேட்காமல் வேகத்தை அளந்தது. ஒரு நிறமும் ஒரு வடிவமும் மனத்தில் உண்மையாகவே ஒட்டியிருந்தால், இரண்டுக்கும் ஒரே பொத்தானை அழுத்தச் சொல்லும்போது கை வேகமாகப் போக வேண்டும். காண்டின்ஸ்கியின் ஜோடிகளுக்கு அப்படி எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை. 2015-இல் ஜப்பானியர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில் வட்டத்துக்குச் சிவப்பு, முக்கோணத்துக்கு மஞ்சள், சதுரத்துக்கு நீலம் என்று வந்தது. இது ஷ்லெம்மர் சொன்ன அதே சேர்க்கை! ஜப்பானியக் கொடியை நினைத்தால் சிவப்பு வட்டம் வியப்பாக இருக்காது, ஆனால் ஷ்லெம்மருக்கு அந்தக் கொடி காரணம் இல்லை. ஆக, மக்கள் மனத்தில் நிறமும் வடிவமும் கண்டபடி சேர்வதில்லை, ஏதோ ஒரு சாய்வு இருக்கிறது என்பதுவரை நம்பலாம். அந்தச் சாய்வு ஊருக்கு ஊர் மாறுகிறது, பழக்கப்பட்ட பொருள்களிலிருந்து வருகிறது என்பதும் ஏறத்தாழத் தெளிவு. மஞ்சளும் முக்கோணமும் மட்டும் சில இடங்களில் திரும்பத் திரும்பச் சேர்வதற்கு ஆழமான காரணம் இருக்குமா என்பது இன்னும் முடியாத வழக்கு.

என் வகுப்புகளிலும் இதே பயிற்சியைக் கொடுத்திருக்கிறேன், ஆய்வாக அல்ல, பேச்சைத் தொடங்கி வைக்க. நம் பிள்ளைகளில் பலர் வட்டத்தைச் சிவப்பால் நிரப்புவார்கள். ஏன் என்றால் பொட்டு என்பார்கள், சிலர் உதயசூரியன் என்பார்கள். முக்கோணத்துக்குச் சிவப்பு போட்ட ஒரு மூத்த மாணவர், குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணம் ஊர்ச் சுவரெல்லாம் இருந்ததே என்று சொன்னார். நீல வட்டம் போட்டவர்கள் குறைவு. இதிலிருந்து புள்ளிவிவரம் எதையும் எடுக்க முடியாது. ஆனால் வகுப்புக்குள் நுழையும்போதே கண்கள் எவ்வளவு நினைவுகளோடு வருகின்றன என்பதை மாணவர்களே உணர்வதற்கு இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைத்ததில்லை.

அப்படியானால் இந்தப் பொருத்தங்களில் இவ்வளவு உறுதியான நம்பிக்கை அந்தத் தலைமுறைக்கு எங்கிருந்து வந்தது? ஒரு வேர் ஜெர்மன் கவி கதேயின் 1810-ஆம் ஆண்டு வண்ண நூல். மஞ்சளையும் நீலத்தையும் ஒளிக்கும் இருளுக்கும் அருகே நிற்கும் இரு துருவங்களாக அவர் வைத்தார். மஞ்சள் பார்ப்பவரை நோக்கி வருகிறது, நீலம் விலகித் தனக்குள் போகிறது என்ற காண்டின்ஸ்கியின் பேச்சில் அது கேட்கும். இன்னொரு வேர் நமக்குப் பக்கத்தில், சென்னை அடையாற்றில் இருக்கிறது. பிரம்மஞான சபை என்ற ஆன்மிக இயக்கத்தின் தலைமையகம் 1882-இல் அங்கே வந்தது; 1907 முதல் அதன் தலைவராக இருந்தவர் அன்னி பெசன்ட். அவரும் சபையைச் சேர்ந்த லெட்பீட்டரும் சேர்ந்து, எண்ணங்களுக்கு நிறமும் உருவமும் உண்டு என்று வண்ணப் படங்களோடு ஒரு நூல் எழுதினார்கள். எண்ணத்தின் தரம் நிறத்தைத் தீர்மானிக்கும், அதன் இயல்பு வடிவத்தைத் தீர்மானிக்கும், அதன் உறுதி விளிம்பின் தெளிவைத் தீர்மானிக்கும் என்பது அவர்களுடைய மூன்று கொள்கைகள். அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பு 1908-இல் வந்தது. காண்டின்ஸ்கி அதை அறிந்திருந்தார், தம் நூலில் பிரம்மஞான இயக்கத்தை மதிப்போடு குறிப்பிடுகிறார். சபையில் உறுப்பினராகச் சேர்ந்தவர் என்று சொல்வதற்கில்லை. டச்சு ஓவியர் மோந்திரியான் சேர்ந்தார், 1909-இல், ஹாலந்துக் கிளையில். இந்தச் செல்வாக்கு எவ்வளவு ஆழமானது என்பதில் கலை வரலாற்றாசிரியர்கள் இன்றும் பிரிந்தே நிற்கிறார்கள். சிலருக்கு எல்லாமே அங்கிருந்து வந்தது. சிலருக்கு அது காலத்தின் காற்றில் கலந்திருந்த பல சரக்குகளில் ஒன்று. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன், ஒரு சிறு சான்றின் பேரில்: பெசன்ட், லெட்பீட்டர் நூலில் மேல்நோக்கி எழும் பக்தி நீல நிறத்தில்தான் வருகிறது, ஆனால் அதன் உருவம் கூர்முனையுள்ள கூம்பு. நீலம் வட்டத்துக்கு உரியது என்பதை காண்டின்ஸ்கி அங்கிருந்து எடுத்திருக்க முடியாது.

ஸ்வீடனில் ஹில்மா ஆஃப் கிளிண்ட் என்ற பெண் ஓவியர் இவர்களுக்கெல்லாம் முன்பே, 1906-இல், அரூப வடிவங்களில் இறங்கிவிட்டார். 1907-இல் அவர் தீட்டிய பத்துப் பெரும் படங்கள் ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மேல் உயரம். அவருக்கு நீலம் பெண், மஞ்சள் ஆண், இரண்டும் கூடினால் பச்சை. வடிவங்களோ சுருள்களும் வட்டங்களும் இதழ்களும்தான். மஞ்சளுக்கு முக்கோணம் தேடி அவர் அலையவில்லை. தாம் இறந்து இருபது ஆண்டுகள் போகும்வரை அவற்றைக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு 1944-இல் மறைந்தார்.

இனி எது நிச்சயம் என்பதற்கு வருகிறேன். காண்டின்ஸ்கியின் கண் தவறிழைக்கவில்லை, அவர் கண்டதை விதியாக்கியதுதான் தாங்கவில்லை. நன்கு செறிந்த நிறங்களில் மஞ்சளே மிக வெளிச்சமானது, நீலம் இருண்டது. நம் விழியின் வில்லை நீல ஒளியை மற்றவற்றைவிடக் கூடுதலாக வளைக்கிறது, அதனால் நீலமும் சிவப்பும் ஒரே நேரத்தில் துல்லியமாகக் குவிவதில்லை. பலருக்குச் சிவப்பு முன்னால் வருவதாகவும் நீலம் பின்வாங்குவதாகவும் தோன்றும், சிலருக்கு மாறியும் தோன்றும். விழித்திரையின் நட்டநடுவில் நீலத்துக்கு உரிய உணர்செல்கள் கிடையாது, அதனால் நீலத்தில் நுண்ணிய விளிம்புகளைப் பிரித்தறிவது கடினம். எனவே கரிய தளத்தில் ஒரு மஞ்சள் முக்கோணத்தின் முனைகள் ஊசியாகத் தெரிவதும், கருநீல வட்டம் விளிம்பு கரைந்து உள்ளே அமிழ்வதும் கட்டுக்கதை இல்லை. ஆனால் அதே இரண்டையும் வெள்ளைத் தாளில் வையுங்கள். மஞ்சளின் விளிம்பு வெளுத்துப்போகும், முனை மழுங்கும். நீல வட்டம் வெட்டி வைத்ததுபோல நிற்கும். கூர்மை மஞ்சளில் மட்டும் குடியிருக்கவில்லை, மஞ்சளுக்கும் அதைச் சுற்றியிருப்பதற்கும் நடுவே உண்டாகிறது. காண்டின்ஸ்கிக்கும் இது தெரியும். வெள்ளைக்கு எதிரே ஏறத்தாழ எல்லா நிறங்களின் ஒலியும் மங்கும், கறுப்புக்கு எதிரே மெலிந்த நிறமும் உரக்க ஒலிக்கும் என்று 1911 நூலிலேயே எழுதியிருக்கிறார்.

இந்த ‘நடுவே’ என்பதற்கு ஓவியர்களுக்கு வெளியே ஒரு பழைய ஆதாரம் உண்டு, அதை நான் எந்த வகுப்பிலும் விட்டதில்லை. ஷெவ்ரொல் என்ற வேதியியலாளர் 1824-இல் பாரிசின் கோபலான் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்யப்பட்ட கறுப்பு நூல் வெளுத்துத் தெரிகிறது, சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. அவர் சாயத்தைச் சோதித்தார். கறுப்பில் குறையில்லை, பக்கத்து நிறம்தான் அதை மாற்றிக் காட்டியது. பல ஆண்டுச் சோதனைக்குப் பின் 1839-இல் வெளியான அவருடைய நூல், அடுத்தடுத்து வைத்த இரண்டு நிறங்கள் ஒன்றையொன்று எவ்வாறு தள்ளுகின்றன என்பதை விரிவாக விளக்கியது. 1912-இல் பிரெஞ்சு ஓவியர் ரொபேர் தெலோனே ஜன்னல் படங்களையும், அடுத்த ஆண்டு வெறும் வண்ண வளையங்களாலான வட்டையும் தீட்டியபோது அவர் கையில் இருந்தது இந்த அறிவுதான். அந்த வட்டில் எல்லா நிறங்களும் வட்ட வில்லுக்குள் அடங்குகின்றன, மஞ்சளுக்குத் தனி வடிவம் தேவைப்படவில்லை. சாயப் பட்டறையில் கண்டது கேன்வாஸிலும் நின்றது, இன்றும் நிற்கிறது. காண்டின்ஸ்கியின் ஜோடிகளைவிட நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது இதுதான் என்பேன்.

மற்றவர்கள் இந்த விதியை எப்படி மீறினார்கள் என்பதற்குச் சான்றுகள் எங்கும் இருக்கின்றன. ரஷ்ய ஓவியர் எல் லிசிட்ஸ்கி அந்நாட்டு உள்நாட்டுப் போர்க் காலத்தில் செய்த சுவரொட்டியில் வெள்ளை வட்டத்தைத் துளைத்துப் போகும் முக்கோணம் சிவப்பு, ஏனென்றால் அது செம்படை. அங்கே மஞ்சள் வைத்தால் படத்துக்கே பொருள் இல்லை. இன்னொரு ரஷ்ய ஓவியரான மாலேவிச்சின் கறுப்புச் சதுரம் 1915 டிசம்பரில் பெட்ரோகிராட் கண்காட்சியில், ரஷ்ய வீடுகளில் புனிதப் படம் வைக்கும் இடமான அறை மூலையின் உச்சியில் தொங்கவிடப்பட்டது. அச்சுப் பிரதியில் அது தட்டையான கறுப்பாகத் தெரியும். மூலப் படம் 79.5 சென்டிமீட்டர் சதுரக் கேன்வாஸ். கறுப்பின் பக்கங்கள் சற்றே கோணியவை, அளவுகோல் வைத்து இழுத்த சதுரமே இல்லை. மேற்பரப்பு முழுவதும் வலைபோல வெடித்திருக்கிறது, வெடிப்புகளுக்குள் அடியிலிருக்கும் வேறு நிறங்கள் எட்டிப் பார்க்கின்றன. 2015-இல் மாஸ்கோவின் திரெத்யாகோவ் கலைக்கூடத்தில் எக்ஸ்ரே எடுத்தபோது கறுப்புக்கு அடியில் இரண்டு முந்தைய படங்கள் இருப்பது உறுதியாயிற்று. விளிம்பில் கண்ட கையெழுத்து வரி மாலேவிச்சே எழுதியதா என்பதில் மட்டும் இன்னும் சர்ச்சை. வண்ணத்தின் மேல் வண்ணமாகப் போராடிப் போய்ச் சேர்ந்த கறுப்பு அது. ‘யார் வேண்டுமானாலும் வரைவார்கள்’ என்பவர்களிடம் இந்த வெடிப்புகளைத்தான் நான் காட்டுவேன்.

மோந்திரியானிடம் வருவோம். மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் அவருக்கும் அடிப்படை. ஆனால் மூன்றுக்கும் ஒரே வடிவம்: செங்கோணம். வட்டத்துக்கும் முக்கோணத்துக்கும் அவருடைய முதிர்ந்த படங்களில் இடமே கிடையாது. சூரிச்சில் இருக்கும் 1930-ஆம் ஆண்டுப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ அரை மீட்டர் அகலமுள்ள சதுரக் கேன்வாஸ். வலது மேற்புறம் முழுவதையும் ஒரு பெரிய சிவப்பு பிடித்துக்கொள்கிறது. இடது கீழ் மூலையில் நீலம், வலது கீழ்க் கோடியில் ஒரு சிறு மஞ்சள் துண்டு. இவ்வளவு பெரிய சிவப்பு படத்தைக் கவிழ்த்துவிடாமல் தாங்குவது எது? இடப்பக்கம் இரண்டு வெள்ளைகளுக்கு நடுவில் போகும் குட்டையான கறுப்புக் கோட்டைப் பாருங்கள், மற்றக் கோடுகளைவிடத் தடிமனாக இருக்கும். அதுவும் நீலத்தின் இருட்டும் சேர்ந்து சிவப்பை இழுத்துப் பிடிக்கின்றன. பிரதியின் மேல் விரலை வைத்து நீலத்தை மறைத்தால் சிவப்பு சட்டென்று பெருத்து முன்னால் வந்துவிடும். மஞ்சளை மறைத்தால் வலப்பக்கத்தின் கீழ்ப்பகுதி செத்துப்போகும். அவருடைய படங்களை நேரில் அருகே நின்று பார்த்தால் வெள்ளைகள் ஒன்றுபோல் இல்லை என்பதும் தெரியும். ஒவ்வொரு கட்டத்திலும் தூரிகை போன திசை வேறு, பூச்சின் கனம் வேறு. 1942-43-இல் நியூயார்க்கில் தீட்டிய கடைசி முடிந்த படத்தில் கறுப்புக் கோடுகளையே கைவிட்டு, கோடுகளை மஞ்சளாக்கி, அதில் சிவப்பு, நீலம், சாம்பல் துண்டுகளைத் துடிக்க விட்டார். இருபது ஆண்டுக்கு மேல் காத்துவந்த தம் விதியை எழுபது வயதில் மாற்றிக்கொண்டவர் அவர்.

காண்டின்ஸ்கியே தம் படங்களில் என்ன செய்தார் என்பதுதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு நல்ல விடை. கேள்வித்தாள் சுற்றுக்குப் போன அதே 1923-இல் தீட்டிய எட்டாம் ‘கம்போசிஷன்’ நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இடது மேல் மூலையை ஆளும் பெரிய வட்டம் நீலமில்லை. கரிய வட்டத்துக்குள் ஊதா, வெளியே செம்மை படர்ந்த ஒளிவளையம். 1925-ஆம் ஆண்டுப் படத்துக்கு மஞ்சள், சிவப்பு, நீலம் என்றே பெயர் வைத்தார்; பாரிசில் இருக்கிறது. வலப்பக்கம் பெரிய நீல வட்டம், அதுவரை பாடப்படி. இடப்பக்கம் மஞ்சளோ முக்கோணத்தில் இல்லை, நேர்கோடுகளோடு ஒரு செவ்வகமாக விரிந்திருக்கிறது. மறு ஆண்டு தீட்டிய பல வட்டங்களின் படத்தில் இருண்ட தளத்தில் வட்டங்கள் எல்லா நிறத்திலும் மிதக்கின்றன, மஞ்சளிலும் சிவப்பிலும்கூட. வகுப்பில் அவர் சொன்னது மாணவனுக்கு ஒரு தொடக்கப் புள்ளி. கேன்வாஸின் முன்னால் நின்றபோது 1911-இல் திறந்து வைத்த கதவு வழியாகவே அவர் போனார். விதியை அப்படியே பொருளாக்கியவர் மாணவர் பேட்டர் கேலர்: 1922-இல் அவர் செய்த குழந்தைத் தொட்டிலில் மஞ்சள் முக்கோணமும் சிவப்புச் செவ்வகமும் நீல வளையங்களும் அப்படியே இருக்கின்றன. கண்ணுக்கு இனிய பொருள்தான். ஆனால் அதன் வளையம் வட்டமாக இருப்பது ஆடுவதற்காக. அது பச்சையாக இருந்தாலும் குழந்தை தூங்கியிருக்கும்.

ஆகவே இந்தப் படங்களின் மதிப்பு அந்த மூன்று ஜோடிகளில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. மரம், முகம், மேசை என்ற துணை எதுவும் இல்லாமல், நிறத்தின் வெளிச்சம், விளிம்பு, பரப்பு, அண்டை நிறம் இவற்றை மட்டும் வைத்து ஒரு படத்தை நிறுத்திக் காட்ட முடியும் என்று அந்தத் தலைமுறை செய்து காட்டியது. அதற்கு முன் அதை முழுமையாக முயன்றவர்கள் இல்லை. அதைச் செய்யும் துணிச்சல் அவர்களுக்குத் தங்கள் நம்பிக்கைகளிலிருந்து வந்தது, அவற்றில் பல இன்று நிற்காதவை. துணிச்சலைத் தந்த நம்பிக்கைக்கு நன்றி சொல்லிவிட்டு, படத்தைப் படமாகப் பார்க்கலாம் என்பது என் நிலை. இதில் என்னோடு உடன்படாத நல்ல ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஆன்மிகத்தைக் கழித்தால் காண்டின்ஸ்கியிடம் பாதிதான் மிஞ்சும் என்பார்கள். அவர்கள் வாதத்திலும் நியாயம் இருக்கிறது.

தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் மூன்று ஜோடிகளையும் எழுதி, ‘இது பவுஹவுஸில் கற்பிக்கப்பட்ட கொள்கை, பின்வந்த சோதனைகள் இதைப் பொது விதியாக உறுதிசெய்யவில்லை’ என்று ஒரு வரி சேருங்கள். திரையில் வேலை செய்பவர் என்றால் இன்னொன்றும் கவனியுங்கள்: மஞ்சள், சிவப்பு, நீலம் என்பது ஓவியர் மரபின் அடிப்படை நிறங்கள், திரையின் ஒளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம், அச்சகத்துக்கு சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. அந்த மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டதே ஒரு மரபின் தேர்வுதான். பிறகு ஒரு மாலை ஒதுக்கி வண்ணத்தாளில் மூன்று வடிவங்களை மூன்று நிறங்களிலும் வெட்டுங்கள், ஏறத்தாழ ஒரே பரப்பளவில். ஒன்பது துண்டுகள் வரும். ஒவ்வொன்றையும் வெள்ளை, நடுத்தரச் சாம்பல், கறுப்பு அட்டைகளில் மாற்றி மாற்றி வைத்து, எட்டடி தள்ளி நின்று பாருங்கள். எது பெரிதாகத் தெரிகிறது, எந்த முனை மழுங்குகிறது, எது அட்டையை விட்டு மேலே எழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சாம்பல் அட்டையில் சிவப்பு வட்டத்தையும் சிவப்புச் சதுரத்தையும் அடுத்தடுத்து வைக்கும்போது இரண்டும் ஒரே தாளிலிருந்து வெட்டியவையாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். முடிவுகளை இங்கே எழுதினால் பேசலாம்.